சொல்லுக்கு வந்த தடை: பின்னி ஆலை வழக்கும் தொழிற்சங்க உரிமையும்

‘தமிழ்த்தென்றல்’ திரு.வி.கலியாணசுந்தரனாரை உரைநடை ஆசிரியராக அறிவோம்; தொழிலாளர் தலைவராகவும் அறிவோம். ஆயின், அவர் வளர்த்த சங்கத்தை ஒடுக்க முனைந்தபோது சட்டம் பற்றியது தலைவர்தம் பேச்சைத்தான் என்பது, சொல்லோடு வாழும் நம் வட்டத்தார் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்க்காகச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் எடுத்த முயற்சியின் பயன் இது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். நெசவாலை ஆடவரை நாளொன்றுக்குப் 12 மணி நேரம் வரை வேலைவாங்க 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இடந்தந்த காலம் அது.

சங்கம் கூடாது என்று அன்றைய சட்டம் சொல்லவில்லை. அதனைக் காக்கவும் இல்லை. 1859ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் சிறை செல்லவும் நேரும். ஒப்பந்தத்தை மீறும் முதலாளிக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை.

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் பூசல் மூண்டு கதவடைப்பு நேர்ந்தது. பின்னி நிறுவனம் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இழப்பீடு கோரியது. வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தொழிலாளரைத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தலைவர் தொழிலாளரிடம் பேசும் பேச்சே இழப்பீட்டுக்குரிய தீங்காயிற்று! ஈற்றில், வாடியா சங்கத்தினின்று விலகுவது, நிறுவனம் இழப்பீட்டைக் கைவிடுவது என இணக்கம் ஏற்பட்டது. தலைவரை விலையாகக் கொடுத்துச் சங்கம் உயிர் பிழைத்தது.

1921இல் மீண்டும் நெடிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஆகஸ்டு 29இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆளுநர் வெலிங்டன் திரு.வி.க.வை நாடுகடத்தப் போவதாக அச்சுறுத்தினார். அவர் அஞ்சவில்லை, எனினும் தொழிலாளரிடையே மூண்ட சாதிப் பிளவு வேலைநிறுத்தத்தைக் குலைத்தது.

வழக்கின் அதிர்ச்சி தில்லிவரை எட்டியது. அதே ஆண்டில் என்.எம்.ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் தொழிற்சங்கப் பாதுகாப்பு வேண்டித் தீர்மானம் கொணர்ந்தார். 1926இல் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொழில் தகராற்றின்போது, வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவுபெற்ற சங்கத்தின்மீதோ அதன் பொறுப்பாளர்மீதோ உரிமையியல் வழக்குத் தொடுத்தல் இயலாது என்றது அதன் 18ஆம் பிரிவு. வாடியாவை வீழ்த்திய அம்பு அன்று முறிந்தது எனலாம். எனினும் உரிமை முழுமை பெறவில்லை. 1947இல், ஆலைப் போராட்டத்தின்போது, முதுமையுற்ற திரு.வி.க. வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

இவ்வுரிமை நம் வெள்ளிமலைக்கு எந்த அளவு எட்டியது? கல்வராயன் மலை 1976வரை சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல்தான் இயற்றப்பெற்றது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்றிருந்த விதியும் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இறுகியது. தொழிலாளருள் பத்தில் ஒரு பங்கினரோ நூறு பேரோ, இவற்றுள் குறைந்த எண்ணிக்கையினர் உறுப்பினராதல் வேண்டும் என்றாயிற்று. கூலி தேடி மலையிறங்கிப் பல ஊர்களில் சிதறி உழைப்போர்க்கு இது எளிதன்று. ஆலைவாயிலில் அவர்கள் ஒன்றுகூடுவதில்லை; அவர்தம் பெயரைக் கணக்கில் எழுதுவோரும் அரியர். பெரம்பூர்த் தொழிலாளர்க்காகப் பேச ஒரு தமிழாசிரியர் முன்வந்தார். மலைமக்களின் உழைப்பைப் பேசுவதும் எழுதுவதும் நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.