முதுமையில் தசை இழப்பு: எடைப் பயிற்சியும் கிரியேட்டினும்

கோவை குனியமுத்தூரில் நடந்த வலுதூக்கும் போட்டியில், பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயது கிட்டம்மாள் 50 கிலோ எடையைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஐந்தாமிடம் பெற்றார். அவருக்கு இந்த ஆர்வத்தை ஊட்டியவர்கள் பேரன்கள். 'அந்தக் காலத்து உடம்பு' என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். மருத்துவம் சொல்வது வேறு.

30 வயதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. 60க்குப் பிறகு இன்னும் வேகமாகக் குறையும். சார்கோபீனியா என்று இதற்குப் பெயர். தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதால் எடை பார்த்தால் தெரியாது. சஜ்தாவிலிருந்து எழும்போது அத்தா கையை ஊன்றுகிறார், பிறகு தொழ நாற்காலி கேட்கிறார். மூட்டுவலி என்றே நினைக்கிறோம். தொடையில் வலு குறைந்ததும் காரணமாக இருக்கலாம்.

ரேஸ் கோர்ஸைத் தினமும் சுற்றி நடப்பது இதயத்துக்கு நல்லது, தசைக்கு அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வசித்த சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி தந்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதில்!

ஜிம்முக்குப் போகத் தயங்கும் பெரியவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குங்கள். எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பலன் நின்றுவிடும். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

இளைஞர்கள் வாங்கும் கிரியேட்டின் பவுடர் ஸ்டீராய்டு அல்ல. நம் உடலே தயாரிப்பதுதான். இறைச்சியிலும் மீனிலும் உண்டு. தசை வேகமாக இயங்கும்போது சக்தியைப் புதுப்பித்துத் தரும். 2017இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சியுடன் இதை எடுத்த முதியவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கொழுப்பற்ற உடல் எடை சுமார் 1.4 கிலோ கூடுதலாக இருந்தது. பயிற்சி செய்யாமல் பவுடரை மட்டும் குடித்தால் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். விலை குறைந்த மோனோஹைட்ரேட்டே சிறந்தது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் அனுமதியின்றித் தொடவே வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவை இது சற்று உயர்த்திக் காட்டும், ஆகவே எடுப்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஹலாலா என்று பலர் கேட்கிறார்கள். பவுடர் பொதுவாக வேதியியல் முறையில் தயாராகிறது, விலங்கிலிருந்து எடுப்பதில்லை. கேப்ஸ்யூல் என்றால் உறை ஜெலட்டினா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். நோன்புக் காலத்தில் இஃப்தாருக்குப் பிறகோ சஹரிலோ எடுத்துக்கொள்ளலாம்.