குழந்தையைத் தத்துக் கொடுக்கும் முடிவு: தாய் மனதளவில் தயாராவது எப்படி? சட்டம் தரும் 2 மாத அவகாசம் எதற்கு?

குழந்தையைத் தத்தெடுக்க விரும்புபவர்களுக்கு வழிகாட்ட நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் பெற்ற குழந்தையைத் தத்துக் கொடுக்கும் நிலையில் இருக்கும் தாய்க்கு? பெரும்பாலும் "சீக்கிரம் முடிச்சிடு, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்ற அறிவுரை மட்டும்தான் கிடைக்கிறது.

திருமணம் ஆகாத நிலை, கணவரின் பிரிவு, வறுமை, பாலியல் வன்முறை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் அந்த நிலையில் இருந்தால், அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தால், இந்தியாவில் நடைமுறை என்ன, மனதை எப்படித் தயார் செய்வது என்பதை இங்கே பார்க்கலாம்.

ஒப்படைப்பது குற்றமா?

இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 35, தங்கள் கட்டுப்பாட்டை மீறிய உடல், மன, சமூகக் காரணங்களால் குழந்தையை வளர்க்க முடியாத பெற்றோர், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம் என்கிறது. விசாரணையும் மனநல ஆலோசனையும் முடிந்த பிறகே ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதனால் "கைவிட்டுட்டா" என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லை நீங்கள் சுமக்க வேண்டாம். சட்டத்தின் பார்வையில் கைவிடப்பட்ட குழந்தை வேறு, ஒப்படைக்கப்பட்ட குழந்தை வேறு.

சட்டப்படியான வழியைத் தவிர்த்து, தரகர் மூலமோ மருத்துவமனை ஊழியர் மூலமோ நேரடியாகக் கைமாற்றுவதுதான் குற்றம். பிரசவச் செலவை ஏற்பதாக யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. மருத்துவமனை ஊழியர்கள் ஈடுபட்டால் 7 ஆண்டுகள் வரை கிடைக்கலாம். அப்படிப் போன குழந்தை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போகலாம்.

முதலில் உங்களையே கேட்க வேண்டிய கேள்வி

"எனக்கு வளர்க்க விருப்பம் இல்லையா, இல்ல வளர்க்க வழி இல்லையா?" இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பிற்காலத்தில் மனதை அதிகம் அரிப்பது, வழி இருந்தும் யாரும் சொல்லவில்லையே என்ற எண்ணம்தான்.

பணம்தான் பிரச்னை என்றால், மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். தகப்பன் பெயர்தான் பிரச்னை என்றால், திருமணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே தன் குழந்தைக்குச் சட்டப்படி பாதுகாவலராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது.

பெற்றோர் குழந்தையைத் தங்களிடமே வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டா என்று பார்ப்பது குழந்தைகள் நலக் குழுவின் கடமையும்கூட. அவர்கள் இப்படிக் கேட்பதை உங்கள் மேல் வைக்கும் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் யோசித்த பிறகும் ஒப்படைப்பதே சரி என்று தோன்றினால், அந்த முடிவும் மதிக்கப்பட வேண்டியதுதான்.

பிரசவத்துக்கு முன்பு என்ன செய்யலாம்?

முழு உண்மையும் தெரிந்த ஒரு ஆளாவது உங்கள் பக்கம் இருக்கட்டும். அக்கா, தோழி, செவிலியர், ஆலோசகர் என்று யாராக இருந்தாலும் சரி.

குழந்தையைப் பார்க்க வேண்டுமா, தூக்க வேண்டுமா, பால் கொடுக்க வேண்டுமா என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். "பார்த்தா பாசம் வந்துடும், பார்க்காதே" என்று வீட்டில் சொல்லலாம். இதில் எல்லோருக்கும் பொருந்தும் சரியான பதில் கிடையாது. சிலருக்குக் குழந்தையை ஒருமுறை மார்போடு அணைத்தது பிற்காலத்தில் ஆறுதல் தருகிறது, சிலருக்கு அதுவே தாங்க முடியாததாகிறது. முடிவு உங்களுடையது. கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

வயிற்றில் இருக்கும் குழந்தையை ஒப்படைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு முன் யாரிடம் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது சட்டப்படியான ஒப்படைப்பு ஆகாது.

குழுவின் முன் என்ன நடக்கும்?

திருமணமான தம்பதி என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். திருமணமாகாத தாய் என்றால் அவர் மட்டும் போதும். கூடுமானவரை குழுவின் பெண் உறுப்பினர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது விதி. தாய் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், உடன் வரும் பெரியவர் சாட்சிக் கையெழுத்திடுவார். அப்போது போக்சோ சட்டப்படி காவல்துறைக்கும் தகவல் போகும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை வாங்குவது உங்கள் உரிமை.

அந்த 2 மாதங்கள்

கையெழுத்திட்ட பிறகு முடிவை மறுபரிசீலனை செய்ய 2 மாத அவகாசம் உண்டு. இந்தக் காலத்தில் குழந்தை கண்காணிப்பின் கீழ் உங்களிடமே இருக்கக் குழு அனுமதிக்கலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற தத்தெடுப்பு மையத்தில் வைக்கலாம். மனம் மாறினால் உடனே குழுவை அணுகுங்கள். எழுத்துப்பூர்வமாகக் கொடுப்பது நல்லது. கெடு முடிந்து, குழந்தை தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்று அறிவிக்கப்பட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. அதன் பிறகு உங்களுக்கு நோட்டீஸும் வராது. தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில்தான் உடலும் மனமும் சேர்ந்து உலுக்கும். பிரசவமான சில நாட்களில் பால் கட்டும். குழந்தை பக்கத்தில் இல்லாதபோது அது உடல்வலியோடு மனவலியும்தான். மார்பை நன்றாகத் தாங்கும், ஆனால் இறுக்கிப் பிடிக்காத உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம் உதவும். காய்ச்சலோ மார்பில் சிவப்போ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய அழுகையும் எரிச்சலும் பொதுவாக 2 வாரத்துக்குள் அடங்கும். அதையும் தாண்டி தூக்கமின்மை, சாப்பிட முடியாமை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

இந்தத் துக்கம் ஏன் இவ்வளவு கனக்கிறது?

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே வந்து உட்காரும். இங்கே யாரும் வருவதில்லை. சமூகம் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் தொகுத்த நூல் பேசியது. அழ உரிமை இல்லை என்று நினைக்கும்போது துக்கம் குறைவதில்லை, உள்ளே தங்கிவிடுகிறது.

"நீதானே கொடுத்தே, அப்புறம் ஏன் அழறே?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: முடிவு சரியாக இருந்தாலும் வலி இருக்கும். குழந்தையின் பிறந்தநாள் வரும் மாதத்தில் அது மீண்டும் தலைதூக்கலாம். அன்று தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் குழந்தை தேடி வருமா?

வரலாம். 18 வயதான பிறகு, தத்துப்பிள்ளை தன் வேர்களைத் தேடி விண்ணப்பிக்க விதிகள் அனுமதிக்கின்றன. அடையாளம் வெளியாகக் கூடாது என்று ஒப்படைக்கும்போது நீங்கள் கேட்டிருந்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டார்கள். ஆனால் எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தீர்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிவிக்கப்படலாம்.

அதனால் காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். குடும்பத்தில் உள்ள நோய்கள் பற்றியும் சொல்லுங்கள். ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். "என்னை ஏன் கொடுத்தாங்க?" என்று ஒருநாள் அந்தப் பிள்ளை கேட்கும்போது, பதில் உங்கள் வார்த்தையிலேயே இருக்கும்.

யாரை அழைப்பது?

குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. தற்கொலை எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே அழையுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பெண் இருந்தால், "மறந்துடு" என்று சொல்லாதீர்கள். "சாப்பிட்டியா, நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். குழுவின் முன் போகும் நாளில் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதே பெரிய உதவி.