தவிட்டோடு போனது

பாதம் மரத்துப்போகிறது என்று போன அம்மாவுக்கு டாக்டர் பி காம்ப்ளெக்ஸ் எழுதிக்கொடுத்தார். "சோத்துல இல்லாததா கண்ணு இந்த மாத்திரைல இருக்குது?" என்று என்னைக் கேட்டார் அம்மா.

சோற்றில் என்ன இல்லை என்று தேடிய இடம் எங்களுக்குப் பக்கம்தான். மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அரிசியை வெள்ளையாகத் தீட்டினால் பி1 தவிட்டோடு போய்விடும்; நரம்பு தளரும். பின்னாளில் எலிகளுக்குப் பல வட்டாரச் சாப்பாடுகளைப் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி தின்றவை செழித்தன. அரிசியையே நம்பியவை இளைத்தன. அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அமுச்சி காலத்தில் எங்கள் வீட்டில் கம்பும் ராகியும்தான், நெல்லுச்சோறு நோம்பிக்கு.

"அப்ப மாத்திரைய நிறுத்திரட்டுமா?" என்றார் அம்மா.

"அத டாக்டர் சொல்லட்டும்மா. ராத்திரிக்குக் களி கிண்டலாம்" என்றேன்.