அடைக்கோழியின் ‘அடை’

முட்டையிட்டு முடித்த கோழி பெட்டியை விட்டு இறங்காமல், கை நீட்டினால் சிறகைச் சிலிர்த்துச் சீறினால், பூதப்பாண்டியில் ‘கோழி அடை கிடக்கு’ என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் தென்பாண்டி ஊர்கள் பலவற்றில் அதுவே ‘அவயம்’. மேற்கே மலையாளத்தில் ‘அடயிரிக்குக’ என்றும் ‘பொருந்நுக’ என்றும் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தோவாளை வட்டத்தில் நின்று கேட்டால் இரு பக்கத்துச் சொற்களும் காதில் விழும்.

அடைக்கோழி என்ற பெயர் ‘அடைத்து வைத்த கோழி’ என்பதிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பஞ்சாரக் கூடையைப் போட்டு மூடிவிடுகிறோமே என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதை நான் ஏற்கவில்லை. அடைகிடத்தல், அடையிருத்தல், அடைகாத்தல் ஆகிய மூன்றிலும் எழுவாய் கோழிதான். மனிதர் செய்வது ‘அடைவைத்தல்’ ஒன்றே. அதையும் எந்தக் கோழியிடமும் செய்துவிட முடியாது. உடலில் புரோலாக்டின் என்ற இயக்குநீர் மிகுந்து, தானே அடையில் உட்கார்ந்த கோழிக்கு அடியில்தான் முட்டை வைக்கலாம். மற்றதை எவ்வளவு மூடி வைத்தாலும், திறந்ததும் எழுந்து ஓடிவிடும்.

ஆகவே இது அடைத்தல் அல்ல, அடைதல். அந்தியில் கோழி கூட்டில் ‘அடையும்’ என்கிறோமே, அதே வினை. போய்ச் சேர்தல், ஒட்டியிருத்தல், விலகாதிருத்தல் என்று அதன் பொருள் விரியும். விடாமல் பெய்வது அடைமழை. அறையோடு அறை ஒட்டியிருப்பது தேனடை. நம்பிப் போய்ச் சேரும் இடம் அடைக்கலம். கோழியின் உடலும் இதற்குச் சாட்சி சொல்கிறது. அடைக்கு உட்காரும் கோழியின் நெஞ்சடியில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும். அந்தச் சூடான தோல் முட்டையோடு நேரே ஒட்ட வேண்டும். ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 21 நாள். இடையிடையே அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொள்ளும். இரை எடுக்கவும் எச்சமிடவும் மட்டும் சற்று நேரம் இறங்கும்.

மலையாளத்துப் ‘பொருந்நுக’ இதை இன்னும் தெளிவாக்குகிறது. நம் ‘வந்து’ அங்கே ‘வந்நு’ ஆவதுபோல, நம் ‘பொருந்து’தான் அங்கே ‘பொருந்நு’. முட்டைமேல் பொருந்தி இருப்பது என்று கொண்டால் ‘அடை’ சொல்வதையே அதுவும் சொல்கிறது. கன்னடத்தார் ‘காவு’ கொடுப்பது என்கிறார்கள். காவு என்றால் அங்கே சூடு. தமிழன் சூட்டைப் பெயரில் வைக்கவில்லை. ‘அடைகாத்தல்’ என்று காவலை வைத்தான். பருந்தும் கீரியும் திரியும் ஊரில் அது சரியான பெயர். ‘அவயம்’ என்பதை ‘அபயம்’ என்று விளக்குவது மனத்துக்கு இனிக்கும். ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் வேருக்குச் சான்றாகாது.

கூமுட்டையின் கதை சிறியது. குஞ்சாகாமல் உள்ளே கெட்டுக் கூழானது கூழ்முட்டை. ழகரம் தேய்ந்து கூமுட்டையாகி, இன்று விவரமில்லாதவனைத் திட்டும் சொல்லாகவும் இருக்கிறது. அடைவைத்த ஏழாம் நாள் வாக்கில் இருட்டறையில் விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், கருக்கூடிய முட்டையில் இரத்த நரம்பு வலைபோல் தெரியும். கருக்கூடாதது தெளிவாக இருக்கும், அதை எடுத்துவிடலாம்.

பழஞ்சொல் எல்லாம் தங்கிவிடுவதில்லை. தொல்காப்பிய மரபியல் பெண்கோழிக்கு ‘அளகு’ என்ற பெயரைத் தருகிறது. கோழிக்கும் கூகைக்கும் உரிய அந்தப் பெயர் மயிலுக்கும் உரியது என்கிறது அந்நூல். இன்று அதை யாரும் வழங்குவதில்லை, பெட்டைக்கோழி என்கிறோம். ‘அடை’ நிலைத்ததற்குக் காரணம், நாட்டுக்கோழி இன்னும் அடைகிடப்பதுதான். முட்டைப் பண்ணைகளின் லெகார்ன் வகைக் கோழிகளில் அந்தக் குணத்தை இனத்தேர்வால் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். அடையில் இருக்கும் நாட்களில் கோழி முட்டையிடாது; பண்ணைக்கு அது நட்டம். அங்கே அடையைக் கோழியிடமிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுத்தாயிற்று.

அந்த இயந்திரத்துக்கு ‘அடைகாப்பான்’ என்று நல்ல தமிழ்ப்பெயர் இருக்கிறது. விற்பவர்களும் துண்டறிக்கை எழுதுபவர்களும் ‘இன்குபேட்டர்’ என்பதை விட்டு அதையே எழுத வேண்டும். கோழி அடைகிடப்பதற்கு உங்கள் ஊரில் என்ன சொல் என்று கோழி வளர்த்த முதியவர்களிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடு குறித்து வையுங்கள்.