பிடி சிறிதா, கை சிறிதா?

வாள் என்றவுடன் அலகின் கூர்மையைப் பேசுவோர் பலர். பிடியைப் பேசுவோர் மிகச் சிலர். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கோயில்களில் ஆயுதந் தாங்கிய திருவுருவங்களை வணங்குகிறோம். ஆயுத பூசையன்று கத்திக்குச் சந்தனமும் இடுகிறோம். ஆயினும், அதன் பிடி ஏன் அவ்வடிவில் அமைந்தது என்று நாம் வினவியதுண்டா?

நாம் வினவாதிருக்க, பிறர் விடை எழுதிவிட்டனர். இந்திய வாட்பிடிக்குள் தம் கை அடங்காமை கண்ட ஐரோப்பியர் சிலர், இந்தியர் கையே சிறியது என முடிவு கட்டினர். உண்மை யாது? தல்வார் என்னும் வளைவாளின் பிடி இறுக்கமாக இருப்பது குறையன்று. கருதிச் செய்த வேலை. பிடியின் முடிவிலுள்ள வட்டத்தட்டு மணிக்கட்டை மிகுதியாக வளையவிடாது. ஆதலின் வீரன் தோளையும் முழங்கையையும் கொண்டு இழுத்தறுத்து வெட்டுகிறான். வளைந்த அலகுக்கு ஏற்ற வெட்டு அதுவேயன்றோ?

கண்டா என்னும் நேர்வாளின் பிடிக்கு மேல் ஒரு முள் நீண்டிருக்கும். இரு கையாலும் ஓங்க வேண்டுங்கால் மற்றக் கை அதனைப் பற்றும். கட்டாரியிலோ பிடி அலகுக்குக் குறுக்கே அமைந்துள்ளது. முட்டியால் குத்துவதுபோல் குத்த, முழங்கையின் வலி முழுதும் நுனியில் இறங்கும். 1855-ல் ஆங்கிலக் கம்பெனி தஞ்சை அரசைக் கைக்கொண்டபின், அவ்வாயுதசாலையில் தெரிந்தெடுத்த கருவிகள் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் சேர்ந்தன. புறங்கையைக் காக்கும் தகடு பொருத்திய கட்டாரிகளும் அவற்றுள் உள.

தல்வாரின் அலகைப் பிடியோடு சேர்த்த முறையும் எண்ணத்தக்கது. அலகின் அடிமுனையைப் பிடியின் குழிவிற் செருகி, உருக்கிய அரக்கால் இறுக்கினர். அலகு ஒடிந்தால் அரக்கை இளக்கி, அதே பிடியில் வேறலகு பூட்டலாம்.

இந்நகரில் நாம் அறிந்த மலாய்க் கிரிஸின் பிடி வளைந்திருக்கும். குத்துதற்கு அது வாய்ப்பானது. அதனைக் கொண்டு, மலாய் மக்களின் கை கோணல் என்பார் உண்டோ?

தோட்டத்தில் பால்மரம் சீவியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கத்தி கைக்கு இசையாவிடின் பட்டையைக் கடந்து மரம் காயப்படும் என்பதை அவர் அறிவார். கருவியை அதன் தொழிலறிந்து மதிப்பிட வேண்டும். கொண்டவனின் உடலைப் பழித்தல் அறிவாகாது. அப்பிடிகளைச் செய்த கொல்லருட் பெரும்பாலோர் பெயர் மறைந்தது. அவர்தம் அறிவோ இரும்பில் நிற்கிறது. சந்தனம் இடும் நாம் அதனைப் படிக்கவும் கற்போமாக.