கார் இல்லாமல் பனிமலைக்கு: ரயில் போட்ட பாதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரில் வேலை பார்க்கிறார். கார் வாங்கவில்லை. ஆனாலும் குளிர்காலத்தில் இரண்டு சிறு பிள்ளைகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு பனிச்சறுக்கு விளையாடும் மலையூர்களுக்குப் போய்வருகிறார். "வாசலில் டிராம் ஏறுவோம் சார், அப்புறம் ரயில், இறங்கினால் பனிதான்" என்றார் தொலைபேசியில். எனக்கு அது வியப்பாக இருந்தது. மலை உச்சியிலுள்ள ஓர் ஊருக்கு, அதுவும் ஆளுயரப் பனி கொட்டும் காலத்தில், பஸ்ஸையும் ரயிலையும் மட்டும் நம்பி எப்படிப் போக முடிகிறது?

முப்பத்து நான்கு ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தியவன் நான். "எப்படி?" என்று கேட்டால் "எப்போதிருந்து?" என்றும் சேர்த்துத்தான் கேட்பேன். தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நோயாளிகளுக்காக வந்த ரயில்

சுவிட்சர்லாந்தின் கிழக்கே கிராபுண்டன் என்றொரு மாநிலம். அவர்கள் அதை கன்டோன் என்பார்கள். அங்கே 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர் தாவோஸ். இன்று உலகத் தலைவர்கள் கூடும் மாநாட்டால் அந்தப் பெயர் நமக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது காசநோய்க்காரர்களின் ஊர். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். மலைக்காற்றும் வெயிலும்தான் வைத்தியம்.

வில்லெம் யான் ஹோல்ஸ்போர் என்ற டச்சுக்காரர் 1867-ல் நோயுற்ற மனைவியை அழைத்துக்கொண்டு அங்கே வந்தார். இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு லண்டனில் வங்கி அதிகாரி. மனைவி பிழைக்கவில்லை. ஹோல்ஸ்போர் திரும்பிப் போகாமல் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். நோயாளிகள் குதிரை வண்டியில் மணிக்கணக்காகக் குலுங்கி வருவதைப் பார்த்தவர், ரயில் கொண்டுவர முனைந்தார். லாண்ட்குவார்ட் என்ற ஊரிலிருந்து 1889-ல் கிளோஸ்டர்ஸ் வரையும், 1890-ல் தாவோஸ் வரையும் மீட்டர்கேஜ் ரயில் வந்தது. அதுதான் பின்னாளில் ரேட்டியன் ரயில்வே என்ற பெயர் பெற்றது.

நான்கே ஆண்டுகளில் இன்னொருவர் அங்கே வந்து சேர்ந்தார். அவருடைய மனைவிக்கும் காசநோய். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில்தான் அவர். உள்ளூர்ச் சகோதரர்கள் இருவரின் துணையோடு 1894 மார்ச்சில் தாவோஸிலிருந்து மலையைத் தாண்டி அரோசா என்ற ஊருக்குக் காலில் மரப்பட்டை கட்டிச் சறுக்கிப் போனார். அந்த அனுபவத்தைப் பத்திரிகையில் எழுதியபோது, ஒரு காலம் வரும், ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் இதற்காகவே சுவிட்சர்லாந்துக்கு வருவார்கள் என்றும் குறிப்பிட்டார். அது பலித்தது. நோயாளிகளுக்காகப் போட்ட தண்டவாளத்தில் விளையாட வருகிறவர்கள் ஏறினார்கள்.

மேலே போக ரயில், கீழே வரச் சறுக்கல்

இன்னொரு பக்கம், பெர்ன் மாநிலத்து மலைகளில் வெங்கன் என்ற ஊர். 1893-ல் அங்கே பல்சக்கர ரயில் வந்தது. முதலில் கோடைக்கு மட்டும்தான் ஓடியது. குளிர்காலத்தில் யார் வரப் போகிறார்கள் என்று மூடிவிடுவார்கள். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான், ஆங்கிலேயப் பயணிகளின் வரவால் குளிர்காலத்திலும் ரயில் ஓட ஆரம்பித்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அப்போது பனிச்சறுக்குக்கு லிஃப்ட் கிடையாது. ஒரு முறை சறுக்க வேண்டுமானால் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து ஏற வேண்டும். ரயில் ஓட ஆரம்பித்ததும் அதுவே லிஃப்ட் ஆகிவிட்டது. ரயிலில் ஏறிப் போவது, சறுக்கி இறங்குவது, மறுபடி ரயில். 1925-ல் வெங்கனில் ஆங்கிலேயர்கள் தொடங்கிய சங்கத்துக்கு "டவுன்ஹில் ஒன்லி" என்றே பெயர். இறக்கம் மட்டும்! ஏறுகிற வேலை ரயிலுடையது.

தாவோஸிலும் இதே கதைதான். 1932-ல் வைஸ்ஃப்ளூயோக் என்ற 2,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் வரை கம்பிவட ரயில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து சறுக்கினால் கியூப்ளிஸ் என்ற பள்ளத்தாக்கு ஊர் வரை இறங்கலாம். உயர வித்தியாசம் 1,800 மீட்டருக்கு மேல். கீழே வந்ததும் என்ன செய்வது? கியூப்ளிஸ் நிலையத்தில் ரேட்டியன் ரயில் நிற்கும். ஏறித் தாவோஸ் திரும்ப வேண்டியதுதான். காரில் வந்தவர் தம் காரை விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ரயிலில் வந்தவருக்கு அந்தக் கட்டு இல்லை. மலையின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இறங்கலாம்.

கார் வேண்டாம் என்ற மக்கள்

இனி நான் படித்ததிலேயே என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

1900-ஆம் ஆண்டு கிராபுண்டன் அரசு தன் சாலைகள் அனைத்திலும் மோட்டார் காரைத் தடை செய்தது. தாவோஸும் செயின்ட் மோரிட்ஸும் இருக்கும் அதே மாநிலம். குறுகலான மலைச்சாலை, மிரளும் குதிரைகள், கிளம்பும் புழுதி என்று காரணங்கள் இருந்தன. ரயிலுக்காகப் பெரும் பணத்தைப் போட்டிருந்த மாநிலம் அது என்பதையும் மறக்கக் கூடாது. 1904-ல் செயின்ட் மோரிட்ஸுக்கும் ரயில் வந்தது. அந்தப் பாதையின் பாலங்களையும் சுழன்று ஏறும் சுரங்கங்களையும் 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

வெளியூர்க் காரோடு வந்தவர்கள் எல்லையில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதிரை கட்டி இழுத்துக்கொண்டு போன காட்சிகளும் உண்டு. சுற்றுலாத் தொழிலில் இருந்தவர்கள் தடையை நீக்கச் சொன்னார்கள். கிராமத்து மக்கள் மறுத்தார்கள். வாக்கெடுப்பு ஒன்றல்ல, இரண்டல்ல, பத்து நடந்தன. கடைசியில் 1925-ல்தான் காருக்கு வழி திறந்தது.

அந்த இருபத்தைந்து ஆண்டுகள் சும்மா போகவில்லை. குளிர்காலச் சுற்றுலா வேரூன்றிய காலம் அது. விடுதிகள், கடைகள், மலையேற்றும் வசதிகள் எல்லாம் ரயில் நிலையத்தைச் சுற்றியே அமைந்தன. கார் வந்து சேர்ந்தபோது ஊர் ஏற்கெனவே ரயிலுக்கேற்ப வடிவம் எடுத்திருந்தது.

மேற்கே செர்மாட் என்ற ஊர் இன்னும் ஒரு படி மேலே போனது. 1891-ல் ரயில் வந்த அந்த ஊரில் இன்றும் வெளியார் கார் நுழைய முடியாது. காரில் வருகிறவர்கள் ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார்கள். கோடீசுவரர் ஆனாலும் கடைசி ஐந்து கிலோமீட்டர் பொது வண்டிதான்!

ரயில் உண்டாக்கியதைச் சாலை எடுத்துக்கொண்ட கதை

எல்லா நாட்டிலும் இப்படி நடந்துவிடவில்லை. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கும் முதலில் ரயில்தான். 1931 ஜனவரியில் பாஸ்டனிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்குப் "பனி ரயில்" கிளம்பியது. 1936-ல் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரையே யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி கட்டியது. ரயிலுக்குப் பயணிகள் வேண்டுமே! உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் அங்கேதான் வந்தது. அதை வடிவமைத்த எஞ்சினியருக்கு யோசனை கொடுத்தது எது தெரியுமா? கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கம்பிவடம்.

போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகள் வந்தன. பயணிகள் ரயில் ஒவ்வொன்றாக நின்றது. சன் வேலிக்கு இன்று பயணிகள் ரயில் கிடையாது. டென்வர் நகரிலிருந்து வின்டர் பார்க்குக்கு 1940 முதல் ஓடிய ஸ்கீ ரயிலும் 2009-ல் நின்றுபோனது. மலையைக் குடைந்து 1973-ல் ஐசனோவர் சுரங்கச் சாலை திறந்த அந்த நெடுஞ்சாலையில், இன்று குளிர்கால வார இறுதிகளில் கார்கள் மணிக்கணக்கில் ஊர்கின்றன. 2017-ல் டென்வர் ஸ்கீ ரயிலை மறுபடி ஓடவிட்டார்கள். வண்டி மலைச் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் பனிச்சரிவின் அடியிலேயே நிற்கும். தண்டவாளம் அங்கேயே இருந்ததால் திரும்பி வர முடிந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தால்?

தண்டவாளம் மட்டும் போதாது

சுவிஸ்காரர்களிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1982-ல் அவர்கள் நாடு முழுதும் ஒரே சீரான கால அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில் ரயில். பெரிய நிலையத்தில் ரயில்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும், சில நிமிடம் நிற்கும், பயணிகள் மாறி ஏறியதும் கிளம்பும். மலையடி நிலையத்தில் மஞ்சள் நிறத் தபால் பஸ் காத்திருக்கும். அந்நாளில் தபாலோடு ஆட்களையும் ஏற்றிச் சென்ற அந்த மோட்டார் பஸ் 1906-ல் தொடங்கியது. செங்குத்தான மலைச்சாலையில் எதிரே வரும் கார்கள் பஸ் ஓட்டுநர் சொல்வதைக் கேட்டுத்தான் ஒதுங்க வேண்டும் என்பது அங்கே விதி.

சூரிச்சிலிருந்து தாவோஸ் சுமார் இரண்டரை மணி நேரம், லாண்ட்குவார்ட்டில் ஒரு மாற்றம். கிரின்டல்வால்ட் என்ற ஊரில் மலையேற்றும் புதிய கம்பிவட நிலையத்தின் வாசலிலேயே ரயில் நிற்கும்படி 2019-ல் தனி நிலையம் கட்டினார்கள். என் மாணவரின் குடும்பம் சுகமாகப் போய்வருவதன் பின்னணி இதுதான். டிக்கெட் விலை அதிகம், பனிச்சறுக்கும் செலவு மிகுந்த விளையாட்டுதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கார் இல்லை என்பதற்காக யாரும் மலைக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை.

நமக்கும் ஒரு பல்சக்கரம்

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு கண்ணி உண்டு. ரோமன் அப்ட் என்ற சுவிஸ் எஞ்சினியர் உருவாக்கிய பல்தண்டவாள முறையில்தான் செர்மாட் ரயில் ஏறுகிறது. அதே அப்ட் முறையில்தான் நம் மேட்டுப்பாளையத்து ரயிலும் குன்னூர் வரை ஏறுகிறது. 1899-ல் குன்னூர், 1908-ல் உதகை. அந்த நீராவி எஞ்சின்களில் பலவற்றைச் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. செர்மாட்டின் முதல் எஞ்சின்களும் அங்கே பிறந்தவைதாம்.

ஒரே தொழிற்சாலை, ஒரே பல்சக்கரம். ஒன்று இன்றும் ஊருக்குள் நுழையும் முக்கிய வழி. நம்முடையதோ பாரம்பரியச் சின்னம், டிக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளைக் கணக்கிட 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸ் கேட்கும் நிலை வந்துவிட்டது.

நான் கார் வாங்கியதே இல்லை. உதகைக்கு எப்போதும் அரசு பஸ்தான். அதனால் சொல்கிறேன்: கார் இல்லாதவரும் மலைக்குப் போக முடிவது மலையின் கருணை அல்ல. ஒரு மாநிலத்து மக்கள் பத்து முறை வாக்குச்சாவடிக்குப் போனார்கள், ஒரு நாடு கால அட்டவணைக்குப் பணம் ஒதுக்கியது. புகையும் வெப்பமும் கூடக் கூட மலையின் பனி குறைகிறது. பனியைப் பார்க்கப் போகும் வழியே பனியைக் கரைக்கக் கூடாதல்லவா?

நம் மலைகளுக்கு என்ன வேண்டும்? இன்னும் அகலமான சாலையா, இன்னும் பத்துப் பஸ்ஸும் நேரத்துக்கு ஓடும் ரயிலுமா? இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.