காட்டுக்கு மாப்பிள்ளை: சைபீரிய ஷாமனும் விலங்காவியும்

‘ஷாமன்’ என்ற சொல் சைபீரியாவின் எவெங்கி மக்களுடைய மொழியிலிருந்து உலகத்துக்குப் போனது. சொல்லைக் கொண்டுபோனவர்கள், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த விலங்கை என்ன செய்தார்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஆம்ஸ்டர்டாம் மேயராக இருந்த நிகோலாஸ் விட்சென் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட நூலில் ஒரு எவெங்கி ஷாமனின் படம் உண்டு. தலையில் கொம்பு, கையில் மேளம், பாதத்தில் நகம். ‘பிசாசின் பூசாரி’ என்று பெயர் சூட்டியாயிற்று. கொம்பைக் கண்டால் கிறித்துவ ஐரோப்பாவுக்கு வேறென்ன ஞாபகம் வரும்?

கொம்பின் கணக்கே வேறு. எவெங்கி, புரியாத் போன்ற வேட்டைச் சமூகங்களை ஆராய்ந்த ரொபெர்த் அமாயோன் 1990இல் பிரெஞ்சில் எழுதிய நூலில் இதை ஒரு கல்யாண உறவாக வாசிக்கிறார். வேட்டை விலங்குகளைத் தரும் காட்டு ஆவியின் மகள் எல்க் மானாகவோ பனிமானாகவோ வருகிறாள். அவளைக் கட்டிக்கொள்ளும் ஷாமன் காட்டுக்கு மாப்பிள்ளை. கொம்பு சூடித் துள்ளுவதும் முட்டுவதும் கிடா மானின் வேட்கையை நடிப்பதுதான். மேளத்தின் தோலும் மான் தோல். அதுவே அவன் ஏறிச்செல்லும் வாகனம். ஆனால் சீதனம் சும்மா வருவதில்லை. மனிதர் விலங்கைத் தின்பதுபோல, ஆவிகள் மனித உயிர்ச்சக்தியைத் தின்னும். நோயும் சாவும் அந்தக் கடனுக்கான தவணை. நிறைய வாங்கி, கொஞ்சமாக, தாமதமாகத் திருப்பிக் கொடுக்கப் பேரம் பேசுவதே ஷாமனின் சாமர்த்தியம். (நம் ‘சாமியாடி’ என்ற சொல்லை இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆவி ஏறுகிற உடல் மட்டுமல்ல ஷாமன், ஆவிகளை ஆள்கிறவன் என்பதை ஷிரோகோகோரோவ் 1935லேயே வலியுறுத்தியிருக்கிறார்.)

ஆக விலங்காவி காவல் தெய்வமல்ல, கடன் கொடுத்தவர். இந்தக் கடனுறவின் மேல்தான் ஜாரரசு ‘யசாக்’ என்ற தோல்வரியைச் சுமத்தியது. சேபிள் என்னும் சிறு மரநாயின் தோல் வந்து சேரும்வரை உள்ளூர் ஆட்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துவைத்தார்கள். இங்கேயும் விலங்குக்கு ஈடு மனித உயிர்தான், ஆனால் பேரம் பேச இடமில்லை. திருப்பித் தரவேண்டிய கடமை அரசுக்குக் கிடையாது. பிறகு வந்த சோவியத் அரசு 1920களில் ஷாமன்களின் வாக்குரிமையைப் பறித்தது, 1930களில் சிறையில் போட்டது. பனிமான்கள் கூட்டுப்பண்ணைக்கும் மேளங்கள் மியூசியத்துக்கும் போயின. மக்களின் பெயரால் நடந்த காரியம் என்பதால் நம் தோழர்கள் இதைப் பேசத் தயங்குவதுண்டு.

அமெரிக்க மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னர் 1980இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஆளுக்கொரு ‘சக்தி விலங்கு’. மேளம் அடி, கண்ணை மூடு, உன் விலங்கு வரும், உனக்கு பலம் தரும். வேட்டை இல்லை, இனக்குழு இல்லை, யாருக்கும் எதையும் திருப்பித் தரவேண்டியதில்லை. விட்சென் விலங்கைப் பிசாசாக்கினார், ஜார் தோலாக்கினார், இவர் அதைத் தனிமனிதனின் சொந்த மூலதனமாக்கிவிட்டார்.

சோவியத் உடைந்தபின், 1993இல், ஹார்னர் நிறுவிய அமைப்பின் குழு தென்சைபீரியாவின் துவாவுக்குப் போனது, அங்கே ஷாமனியத்தின் மறுமலர்ச்சிக்கு உதவ.